‘பிக் அப்’ வகுப்பில் ஓர் உளவாளி

"வாசல்லயே நின்னா இங்கிலீஷ் தானா வந்துடுமா? உள்ள வாங்க!"

மழைக்கு ஒதுங்கி நின்றவனை அப்படித்தான் அவள் அதட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான். நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் மாடியேறி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். என்ன கண்கள் அவை... மழையில் கழுவி வைத்த மாதிரி!

ரசிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் அவள் தற்காலிக ஆசிரியை. "மாணவர் மாதிரி ஒருத்தர் வந்து உக்காந்து உங்க கிளாஸைக் கவனிப்பார். அவர் சரின்னாதான் வேலை நிரந்தரம்" என்று நிர்வாகி சொல்லியிருந்தார். ஆள் யாரென்று மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புது முகத்தையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

இவனோ ஒரு வகுப்பு தவறாமல் வந்தான். அதைவிட, இவன் செய்யும் தப்புகள்... புதிதாகக் கற்பவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. இவன் மட்டும் யாருமே சறுக்காத இடமாகப் பார்த்துச் சறுக்கினான்!

அன்றைய பாடம் ‘பிக் அப்’ என்ற சொல்லின் பல அர்த்தங்கள். அவள் வகுப்பில் அர்த்தத்தை மனப்பாடம் செய்யக் கூடாது. அவரவர் பிழைப்பிலிருந்து சொல்ல வேண்டும்.

"ஏர்போர்ட்ல ஆளை ஏத்திக்கிறது" என்றார் டாக்சி டிரைவர்.

"என் மருமக போனை எடுக்கவே மாட்டா. அந்த எடுக்கிறதும் பிக் அப்தானே?" என்றார் தையல்கார அம்மா. வகுப்பே சிரித்தது.

"மந்தமா இருந்த வியாபாரம் சூடு பிடிக்கிறது" என்றார் கடைக்காரர்.

"நீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"தெரியலயே டீச்சர்..."

பச்சைப் பிள்ளை மாதிரி முகம்! ஆனால் டிரைவர் இன்னோர் அர்த்தத்துக்குத் திணறியபோது, "யாரும் சொல்லித் தராம பழகப் பழகக் கத்துக்கிறதும் பிக் அப்தான்" என்று அவர் காதில் கிசுகிசுத்தான். அவளுக்குப் பாம்புச் செவி. சுலபமானது தெரியாதாம், கஷ்டமானது தெரியுமாம்... இவனேதான் அந்த உளவாளி!

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் மறித்தாள்.

"யார் சார் நீங்க? நிர்வாகி அனுப்பின ஆளா?"

"ஐயோ, இல்லீங்க. எதிர்க் கட்டடத்துல மெஷின் கையேடுகளை மொழிபெயர்க்கிறவன். அன்னிக்கு மழைக்கு ஒதுங்கினேன்... நீங்க கூப்பிட்டீங்க..."

"யார் கூப்பிட்டாலும் வந்துடுவீங்களா?"

"கூப்பிட்ட குரல் அப்படி..."

அவளுக்குக் காது சூடானது. "முன்பின் தெரியாத பொண்ணுகிட்ட வழியறதுக்கும் பிக் அப்னுதான் பேரு. தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க கேட்டப்ப அது ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு. அதான் தெரியலன்னேன்."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினாள். இனிக்க இனிக்கப் பேசுவதும் சோதனையில் ஒரு பகுதியாக இருந்தால்? அவள் முகத்தைப் படித்தவன் போல அவன் போனை நீட்டினான்.

"நம்பலன்னா நிர்வாகிகிட்ட இப்பவே கேளுங்க."

அவள் வாங்கவில்லை. வீராப்பெல்லாம் எங்கே போனதோ, கண் கலங்கிவிட்டது.

"முதல் வாரமே கேட்டிருக்கலாம்... கேக்கல."

"ஏன்?"

"நீங்கதான் அந்த ஆளுன்னு அவர் சொல்லிட்டா... சோதனை முடிஞ்சதும் போயிடுவீங்களே. எனக்கு வேலையும் வேணும்... நீங்களும் வேணும்."