மயில் விரட்டி போட்ட கூச்சல்

பிரிசில்லாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பின்னே? அவள் செய்த மயில் விரட்டி காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

செய்யூரில் வேர்க்கடலைக் கொல்லைக்குள் வரும் மயில்களை விரட்டத்தான் அவளும் அவளுடன் எட்டாம் வகுப்புப் படிக்கும் பூபாலனும் அதைச் செய்தார்கள். அதன் சென்சார் கண்ணுக்கு முன்னால் எது அசைந்தாலும் கத்தும். கொல்லையில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதனால், நிறுத்த ஒரு சுவிட்சு வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

ஆனால் இது படூரில் நடக்கும் மாணவர் தொழில்நுட்பக் கண்காட்சி. ஒரு பக்கம் ரோபோக்கள், ஒரு பக்கம் செல்போன் செயலிகள், கடைசி வரிசையில் விவசாயக் கருவிகளும் குரல் கருவிகளும். திருவிழாக் கூட்டம்! ஒவ்வொருவர் கடக்கும்போதும் ஒரு கத்தல்.

“அக்கா, ப்ளீஸ், நிறுத்துங்களேன்,” என்று பக்கத்து மேசைத் திவ்யா கெஞ்சினாள். ஆறாம் வகுப்புக் குட்டிப் பெண். அவளுடைய விளக்கு, ‘எரி’ என்று சொன்னால் எரியும். கால் உடைந்து படுத்திருக்கும் அப்பாவுக்காகச் செய்தது. இந்தக் கூச்சலில் அவள் சொல்வது அதற்கு எங்கே கேட்கும்?

நடுவர் தமிழ்வாணன் திவ்யாவின் மேசைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் இயங்காத கருவிக்கு மதிப்பெண்ணே கிடையாது. மாவட்டப் போட்டிக்கும் போக முடியாது.

பிரிசில்லா மயில் விரட்டியின் ஒயரைப் பிடித்தாள்.

“ஏய், இன்னா பண்ற?” என்று பூபாலன் பதறினான். “போன வாரம் ஒயர புடுங்கி மாட்டினதுக்கு ரெண்டு நாளு வேலையே செய்யல! அடுத்தது நம்மகிட்டதான் வர்றாரு!”

“அதுக்கோசரம் அந்தப் பொண்ணு அழுவணுமா?”

“நாம அழுதா பரவால்லியா?”

திவ்யாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஒயரையும் பிடுங்கக் கூடாது, இது கத்தவும் கூடாது. என்னதான் செய்வது? ஆ! எதிரே அசைவது தெரிந்தால்தானே கத்தும்?

சட்டென்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பூபாலன் கையில் திணித்தாள். அதன் எவர்சில்வர் மூடியைக் கருவியின் கண்ணுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்தாள்.

கப்சிப்!

“எரி,” என்றாள் திவ்யா. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நடுவர் அடுத்து இவர்களிடம் வந்தார். “உங்க கருவியில என்ன குறை?”

“குறையே இல்ல சார்!” என்று பூபாலன் முந்திக்கொண்டான். நடுவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“கீது சார்,” என்றாள் பிரிசில்லா. “மயிலு எது, மனுசன் எதுன்னு இதுக்குத் தெரியல. நாங்க சுவிட்சும் வெக்கல. பக்கத்துல தொந்தரவாப் போச்சு. அதான் மூடிய புடிச்சிகினு நிக்கிறேன்.”

மூடியை எடுத்தாள். ஒரு நொடி சத்தமே இல்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. நடுவர் குனிந்தார்.

வீல்!

“அடேயப்பா! என்னையும் மயிலாக்கிட்டீங்களே!” நடுவர் பின்னால் துள்ளி, வாய்விட்டுச் சிரித்தார்.

மாலையில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்தார்கள். திவ்யாவின் பெயரும் இருந்தது, இவர்கள் இருவரின் பெயர்களும் இருந்தன. திவ்யா ஓடி வந்து பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டாள்.

பூபாலனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “குறையே இல்லன்னு நான் சொன்னா மொறைக்கிறாரு. நீ குறைய சொன்னா மார்க்கு குடுக்கிறாரு. இன்னா நியாயம் இது?”

“டைம் மட்டும் இருந்திருந்தா,” என்று சிரித்தாள் பிரிசில்லா, “உன் குறையையும் சொல்லி மொத பரிசே வாங்கியிருப்பேன்டா!”