பேர் கேட்காமல் எடுத்த ரத்தம்

காலை 7.40. ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் நின்றது. டாக்டர் மஞ்சு குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு குழாய்களில் அடியில் ரத்தம் உறைந்து, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நின்றது. மீதி ஒன்றில் நின்றது தேங்காய்ப்பால் போல் வெளுத்திருந்தது. அதன் சீட்டில் ‘ஜினேந்திரன்’ என்று எழுதியிருந்தது.

“ராத்திரி எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, ஜினேந்திரன்? இது சாப்பிட்டு மூணு மணி நேரம்கூட ஆகாத ரத்தம். கொழுப்பு அப்படியே மிதக்குது.”

உட்கார்ந்தே பிழைத்து உடல் பெருத்த பன்னிரண்டு பேரை வைத்து டாக்டர் செய்த ஆராய்ச்சி அது. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஒரு நிமிடம் மூச்சிரைக்க ஓட்டம், இரண்டு நிமிடம் மெல்ல நடை, இப்படிப் பத்துச் சுற்று. முதல் நாள் ரத்தத்தையும் கடைசி நாள் ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். நெல் மண்டி நாற்காலியை விட்டு அசையாத ஜினேந்திரனுக்கு பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

வாசலில் நின்ற ஜீவரத்தினம் நயினாரின் முதுகு விறைத்தது. ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், ஜினேந்திரனுக்குப் பெரியப்பா. காலையில் தம்பி மகனை அழைத்து வந்து, வரிசையில் நிற்கவிடாமல் உட்கார வைத்தவரும் அவர்தான். சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்தபின் அவர் வீட்டில் யாரும் பல்லில் பருக்கை வைப்பதில்லை. சாகக் கிடந்த பாட்டனார்கூட, விளக்கு வைத்தாயிற்று என்று கஞ்சியை ஒதுக்கியவர். அந்த வீட்டுப் பிள்ளை இரவில் தின்றுவிட்டுப் பொய் சொல்கிறான் என்று பதினோரு பேர் காதில் விழுந்துவிட்டது. மதியத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

“சத்தியமா, பெரிப்பா, நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு சாப்ட்டதுதான்.”

“தெரியும்டா. அப்போ இது உன் ரத்தம் இல்ல.”

7.55. ரத்தம் எடுத்த இலியாஸை ஜீவரத்தினம் அழைத்தார். பனமலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். ஆறு வருஷமாக இதே வேலை.

“சீட்டு எப்போ ஒட்டின?”

“முன்னாடியே, ஐயா. கையெழுத்துப் போட்ட வரிசைப்படி ஒட்டி, ஸ்டாண்டுல நிறுத்திடுவேன்.”

“அப்புறம்?”

“உக்காந்ததும் பேரு கேப்பேன். அவங்களே வாயால சொல்லணும். சீட்டோட ஒத்துப் பாத்து டிக் அடிப்பேன்.”

ஜீவரத்தினம் நோட்டைத் திருப்பினார். பத்து டிக். ஒன்பதாவது பெயர் அயாஸ், பத்தாவது ஜினேந்திரன். இரண்டுக்கும் எதிரே வெறுமை.

“இந்த ரெண்டுக்கும் ஏன் இல்ல?”

இலியாஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு தரையைப் பார்த்தான். “என் தப்புதான் நயினாரய்யா. விட்டுடுங்க.”

முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் அவர் கண்ட பாடம் அது. தரையைப் பார்ப்பவனே செய்தவன்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? இவன் தூங்கி வழிஞ்சதுக்கு எங்க வீட்டு மேல பழி!”

டாக்டர் முகம் சுண்டியது. “நீ வீட்டுக்குப் போ, இலியாஸ். நாளையிலேருந்து வர வேணாம்.”

அவன் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

8.20. டாக்டர் இரண்டு குழாய்களிலும் ரத்தப் பிரிவைச் சோதித்தார். முதல் நாள் குறிப்புப்படி ஜினேந்திரன் ஓ பிரிவு. அவன் பெயர் ஒட்டிய குழாயில் இருந்ததோ பி. அயாஸ் பெயரிட்ட குழாயில்தான் ஓ. குழாய் மாறியது உறுதி. அந்தத் தெளிந்த ரத்தத்தைச் சிறு கருவியில் வைத்துப் பார்த்தார். “முதல் நாள் இருநூத்தி எண்பது இருந்த கொழுப்பு, நூத்தி அறுபதுக்கு எறங்கியிருக்கு, ஜினேந்திரன். ஓடினது வீண் போகல.”

“அப்போ பால் மாதிரி இருக்கறது என்னுதா?” தையல்கடை அயாஸ் திடுக்கிட்டார். “நோன்பு மாதிரி இருந்துட்டு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டரம்மா? ரம்ஜான் முடிஞ்சு வெக்கற ஆறு நோன்பு வெச்சிருக்கேன். விடியறதுக்கு முன்ன, நாலரைக்கு, சஹர் சாப்பாட்டுல பராட்டா, கறி. அதுக்கப்புறம் பச்சத் தண்ணி தொடல. என் நோன்புல இன்னா கொற?”

அறையே சிரித்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஜீவரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

“கையெழுத்துல நீ ஒன்பது, அவன் பத்து. அப்புறம் எப்படி ஊசி மாறுச்சு?”

அயாஸ் தயங்கினார். “உக்காந்திருந்த என்னை எழுப்பிவிட்டதே நீங்கதானே, ஐயா?”

6.50. அது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. ‘எழுந்திரு தம்பி, எங்க பிள்ளை மண்டி தெறக்கணும்.’ ஜினேந்திரன் உட்கார்ந்தான். ‘பேரு சொல்லுங்கண்ணே’ என்றான் இலியாஸ். இவர் குறுக்கே பாய்ந்தார். ‘எங்க வீட்டுப் பிள்ளைகிட்டயா பேரு கேக்கற? செஞ்சியில எவனைக் கேட்டாலும் சொல்லுவான். ஊசியைப் போடுடா!’ பையன் வெலவெலத்து, ஸ்டாண்டில் அடுத்ததாக நின்ற குழாயை எடுத்தான். அதற்கடுத்தவரிடம் பெயர் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை.

ஜீவரத்தினம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“குத்தவாளி கெடச்சிட்டான், டாக்டர். வீட்டுப் பேரு பேருன்னு, பேரைக் கேக்க விடாதவன் எவனோ அவன்தான். நான்தான். இலியாஸ் மேல ஒரு தப்பும் இல்ல. இதையும் எல்லாரும் கேட்டுக்குங்க.”

8.50. பனமலை பஸ்ஸில் இலியாஸ் ஜன்னலோரம் இருந்தான். கீழே ஜீவரத்தினம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

“அப்பவே ஏம்ப்பா சொல்லல?”

“அத்தினி பேர் முன்னாடி உங்க பேரு கெட்டுடும்னு பாத்தேன், ஐயா.”

“எறங்கி வா. டாக்டர் கூப்பிடறாங்க.”

“இன்னிக்கு வேணாம். ஊசி பிடிக்க மனசு வரல.”

பஸ் நகர்ந்தது. புழுதி அடங்கும்வரை ஜீவரத்தினம் அங்கேயே நின்றார். முப்பத்துநாலு வருஷத்தில் தன் எதிரே தரையைப் பார்த்து நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எத்தனை பேருடைய பெயர் நினைவிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை.