பூச்சிகளின் தீனி

ஹைட்ரஜன் அறைக் கதவில் பூசியிருந்த பச்சை பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

நண்பகல் வெயில் கண்ணாடி ஜன்னல்கள் வழியே தரையெங்கும் விழுந்து கிடந்தது. அந்த எரிவாயு ஆலையின் மூன்று மாடி உயரத் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் தின்று மீத்தேனாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன. இங்கே எல்லோருக்கும் அவை வெறும் ‘பூச்சிங்க’தான். பம்புகளின் இரைச்சலுக்கு அடியில், அழுகிய முட்டை வாடைக்கு நடுவே, யாரோ பல்லிடுக்கில் மூச்சுவிடுவதுபோல ஒரு மெல்லிய சீறல் கேட்பதாக ஆபரேட்டருக்குத் தோன்றியது. இந்த ஷிப்டின் சூப்பர்வைசர் அவள் கணவன்தான். போன் செய்தாள்.

“ஏங்க, ஹைட்ரஜன் ரூம் கதவுல பெயின்ட் பொங்குது. பக்கத்துல ஒண்ணுமே இல்ல.”

“வெயிலா இருக்கும்மா. அலாரம் அடிச்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? உள்ள போய் அந்தச் சிவப்பு வால்வ மட்டும் மூடிட்டு வா. நான் கேன்டீன்ல இருக்கேன்.”

பதினோரு வருடத்தில் அவன் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. நடந்தாள். முகம் காந்தியது. நிமிர்ந்து பார்த்தாள். தீயைக் கண்டுபிடிக்கும் கருவியின் ஒயர் துண்டிக்கப்பட்டு, முனையில் டேப் நறுவிசாகச் சுற்றியிருந்தது. சும்மா சும்மா அலாரம் அடித்து வேலை நிற்கிறது என்று போன வாரம் அலுத்துக்கொண்டவன் அவன்தான்.

ஹைட்ரஜன் எரிந்தால் பகலில் சுடர் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தீயைத் துழாவிக் கண்டுபிடிக்கவென்றே ஒரு நீளத் துடைப்பம் சுவரில் மாட்டியிருந்தது. எடுத்து முன்னால் நீட்டினாள். ஓர் அடி. இன்னோர் அடி.

வெறும் காற்றில் துடைப்பம் பற்றிக்கொண்டது.

உதறிவிட்டுப் பின்வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், கேட்டுக்கு அப்பால், மொத்த ஷிப்டும் கூட்டமாக நின்றது. முன்னால் அவன். காதில் போன். இன்னும் துண்டிக்காத தன் போனில் கேட்டாள்.

“எல்லாரும் வெளியவா நிக்கிறீங்க?”



“வால்வ மூடலன்னா மொத்தமும் போயிடும்மா. யாராவது மூடித்தானே ஆகணும்.”

“அதுக்கு நானா?”

“மத்தவங்கன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீ கேக்க மாட்ட.”

ஓடினாள். வெளியேற மிச்சமிருந்த ஒரே வழி, மறுகோடிக் கதவு. அதே ஹைட்ரஜன் குழாய்தான் அதற்கு மேலும் போகிறது. சீறல் அங்கேயும்.

நின்றாள்.

வெளியே அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். ஒவ்வொருவராக மற்றவர்களும்.

அவளுக்கும் கதவுக்கும் இடையே வெறும் வெயில். கதவுக்கு மேலே ‘வெளியே செல்லும் வழி’ என்ற பிளாஸ்டிக் பலகை, எதுவும் தொடாமலே, எழுத்து எழுத்தாக உருகி ஒழுகத் தொடங்கியது.