பின் கதவுச் சங்கிலி

லொரெட்டா ஊற்றி வைத்த காபியை ஜெரார்ட் தொடவில்லை. அவளைத் தாண்டிப் போய் வேறொரு கோப்பையை எடுத்து, தானே ஊற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தான். ஒரு வாரமாக இதே கூத்துதான். கட்டின மனைவி அடுப்பங்கரையில் நிற்கிறாளே என்று ஒரு பார்வை உண்டா? கிடையாது!

"முட்டை போடட்டுமா?"

அவன் இன்னொரு வாய் காபி குடித்தான்.

"பின் கதவுக்கு வெளிய இருந்த பனியெல்லாம் வாரித் தள்ளிட்டேன். இன்னும் கொட்டுமாம்... சாயங்காலம் இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

"உன்னை யாரு தள்ளச் சொன்னா?" ஜெரார்ட் ஜன்னலைப் பார்த்தே சொன்னான். "மண்டபத்து வேலையில இனிமே நீ கை வைக்காதே."

லொரெட்டா கரண்டியைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடியில் வீடு, கீழே மண்டபம். ஜெரார்டின் அப்பா கட்டிய கஸ்மாரெக் மண்டபம் அது. ஒரு காலத்தில் பஃபலோ நகரத்துப் போலந்துக்காரர் கல்யாணங்களில் பாதி அங்கேதான் நடந்தன. கல்யாணக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஜெரார்ட் அதைக் கச்சேரி மண்டபமாக மாற்றினான். மற்ற இடங்களில் கச்சேரி கேட்கப் போனால் வாசலிலேயே வயசு கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வரலாம். ஒரு சொட்டு சாராயம் கிடையாது. சூடான கோகோவும், லொரெட்டா கையால் பிடித்த பியரோகிக் கொழுக்கட்டையும்தான். பெற்றவர்கள் வாகனம் நிறுத்தும் இடத்தில் காரை ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். ஒன்பது மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம்! நடத்துகிறவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டல்லவா நடத்த வேண்டியிருக்கிறது? ஒரு பிள்ளை கையில் ஒரு பீர் டப்பா அகப்பட்டால் போதும், நகரசபை இழுத்துப் பூட்டிவிடும். போன குளிர்காலத்தில் ஒரு பையன் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தான். உள்ளே இருந்த சிநேகிதன் பின் கதவைத் தள்ளித் திறந்து பீரை உள்ளே வாங்கியிருக்கிறான். அன்றையிலிருந்து ஜெரார்டின் தங்கை டோலோரஸ் கச்சேரி நேரத்தில் பின் கதவுக்குச் சங்கிலி போட ஆரம்பித்தாள். உள்பக்கம் பூட்டு. சாவி அவள் கழுத்தில்.

"தீ கீ பிடிச்சா பிள்ளைங்க எப்படி வெளிய போகும்?" என்று லொரெட்டா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். யார் காதிலும் ஏறவில்லை.

போன சனிக்கிழமை யாரோ தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார்கள். கச்சேரி பாதியில் இருக்கும்போதே அதிகாரி வந்தார், சங்கிலியைப் பார்த்தார், அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். இன்னொரு தடவை பார்த்தால் மண்டபத்தை நிரந்தரமாக மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் செய்தது லொரெட்டாவின் மகள் டெஸ்ஸா. அன்று இரவே அம்மாவிடம் வந்து அழுதாள். "பயமா இருந்துச்சும்மா... மேடைக்குப் பக்கத்துல நின்னு பாத்தா அந்தச் சங்கிலிதான் கண்ணுல பட்டுது. அப்பாகிட்ட சொல்லிடாதே!"

எப்படிச் சொல்வாள்? படிப்பு விஷயமாக அப்பனும் மகளும் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, இப்போதுதான் டெஸ்ஸா வாசிக்கிற டிரம்ஸ் என்கிற ஒரே சாக்கில் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கெடுக்கவா? "நான்தான் போன் பண்ணேன்" என்று லொரெட்டா புருஷனிடம் சொல்லிவிட்டாள். பழி மொத்தமும் அவள் தலையில் வந்து விழுந்தது.

மாடிப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். டோலோரஸ் தோளில் பனியோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் மகள் ஜோலீன். பதிமூன்று வயது. அத்தை பிடித்த பியரோகி என்றால் உயிரையே விடுவாள். நேராகத் தட்டுப் பக்கம் போனாள்.

"என்ன அண்ணி, இன்னிக்கி யாருக்குப் போன் போடறதா உத்தேசம்?" டோலோரஸ் கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். "போலீசுக்கா? இல்ல, நேரா கவர்னருக்கேவா?"

"அம்மா, விடேன்..." என்றாள் ஜோலீன், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"நீ சும்மா இருடி! அண்ணா, இன்னிக்கி க்ளீவ்லாண்ட்லேர்ந்து குழு வருது. கூட்டம் பிச்சுக்கும். முதல் கச்சேரி முடியற வரைக்குமாவது சங்கிலியைப் போட்டுடறேன். இந்தப் பனியில எந்த அதிகாரி வரப்போறான்?"

ஜெரார்ட் காபியை உறிஞ்சினான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

"ஐயோ, வேண்டாம் டோலோரஸ்!" லொரெட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கால்ல வேணா விழறேன். உன் பொண்ணும் உள்ளதானே இருக்கப் போறா?"

"வாயை மூடுங்க! என் அப்பா வேர்வை சிந்திக் கட்டின மண்டபத்தைக் காட்டிக் கொடுத்தவங்க எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். இன்னொரு பையன் குடிச்சிட்டுப் பனியில விழுந்து, இந்தத் தடவை செத்தே போயிட்டா நீங்களா போய் அவன் அம்மாவுக்குப் பதில் சொல்வீங்க?"

லொரெட்டா புருஷனைப் பார்த்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இன்னிக்கி நீ கீழ வராதே, லொரெட்டா. டெஸ்ஸா முதல் தடவை மேடையேறுறா. அதையும் கெடுத்துடாதே."

பெற்ற தாயிடம் சொல்கிற பேச்சா இது! அறை வாசலில் நின்றிருந்த டெஸ்ஸா வெளிறிப் போய் வாயைத் திறந்தாள். லொரெட்டா கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

மாலையில் மேலே தனியாக உட்கார்ந்திருந்தாள். காலடியில் தரை அதிர்ந்தது. அது டெஸ்ஸாவின் கை என்று தெரிந்தது. என்ன அழகாக வாசிக்கிறாள்... பெருமையாக இருந்தது, அதே மூச்சில் பயமாகவும் இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே டோலோரஸ் கார்களுக்கு நடுவே யாரோ பையன்களை விரட்டிக்கொண்டிருந்தாள். பீர் சமாச்சாரம்தான். அப்படியென்றால் முன் வாசலில் யார் இருக்கிறார்கள்? சாவியும் அவளோடு வெளியே போய்விட்டதே! கீழே மண்டபத்துக்கு இறங்குகிற உள்படிக் கதவு வரை லொரெட்டா போனாள். கீழே போகக் கூடாது என்று புருஷன் சொல்லியிருக்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

மேடையில் அழகுக்காக விடுகிற புகைக்கு ஒரு தித்திப்பு வாடை உண்டு. இத்தனை வருஷத்தில் அது வீட்டுத் திரைச்சீலைகளில்கூட ஏறியிருந்தது. இது அது இல்லை. நைலான் கருகுகிற வாடை. உள்படிக் கதவைத் திறந்தாள். கண்ணைக் கரித்தது.

நாலு நாலு படியாகத் தாவி இறங்கினாள். கீழே பலகாரம் விற்கிற சின்ன அடுக்களை, அதற்கு அப்பால் கூடம். கூடம் முழுக்கப் புகை! முன் வாசலை ஒட்டி, குளிர்கோட்டுகளை மாட்டுகிற அறையிலிருந்து அது சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. ஈரக் கையுறைகளைக் காயவைக்க எந்தப் பிள்ளையோ சின்ன ஹீட்டரைக் கோட்டுகளுக்கு நடுவில் தள்ளி வைத்திருக்கிறது. சிவப்பும் நீலமுமாக விளக்கு விழ, புகை கூரையோடு மிதந்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள்! வெளியூர்க் குழு கொண்டுவந்த புகை மெஷின் என்று ஜெரார்ட் நினைத்தான். மண்டபத்து மெஷின் என்று வெளியூர்க் குழு நினைத்தது. ஜெரார்ட் ஒலியமைப்பு மேஜைக்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தீ! தீ!" லொரெட்டா தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அருகில் நின்ற பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குதித்தாள்.

லொரெட்டா அடுக்களைச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்தாள்.

பாட்டு அறுந்தது. இருட்டு. கதவுகளுக்கு மேலிருந்த அவசர விளக்குகள் மட்டும் எரிந்தன. கூட்டம் ஊளையிட்டது.

"லொரெட்டா!" ஜெரார்டின் குரல் இருட்டில் வெடித்தது. "பெத்த பொண்ணு வாசிக்கிற நேரம்தானா கிடைச்சுது உனக்குப் பழி தீர்க்க? நீ ஒரு தாயா?"

"மூச்சை இழுத்துப் பாரு, ஜெரார்ட்! அது மெஷின் புகை இல்ல! கோட்டு ரூம் எரியுது!"

கூட்டம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. பிறகு முன்பக்கம் யாரோ இருமினார்கள். ஒரு பெண் வீரிட்டாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பின் கதவை நோக்கிப் பாய்ந்தது. ஜெரார்ட் முண்டியடித்து முதலில் போய்க் கதவைத் தள்ளினான். சங்கிலி கிணுகிணுத்தது.

"டோலோரஸ்! சாவி! சாவி எங்க?"

வெளியிலிருந்து கதவை யாரோ அடித்தார்கள். டோலோரஸ்தான். "அண்ணா! சாவி எங்கிட்ட இருக்கு... பூட்டு உள்ள இருக்கே! ஐயோ, ஜோலீன்! ஜோலீன் எங்க?"

ஜெரார்ட் சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். முதுகில் பிள்ளைகள் நெருக்கினார்கள். முன் வாசல் புகையில் கறுப்பாகத் தெரிந்தது.

"இங்க வாங்க! எல்லாரும் இங்க வாங்க! எங்க வீட்டு வழியா!" லொரெட்டா அடுக்களைக் கதவில் நின்று, கையில் அகப்பட்ட தட்டால் சுவரை அடித்தாள். "மாடிக்கு ஏறுங்க, வாசப்படி வழியா தெருவுல இறங்குங்க! ஒருத்தர் பின்னால ஒருத்தர்! டெஸ்ஸா, நீ முன்னால போ, வழி காட்டு!"

"நீ வாம்மா!"

"போடி! சொன்னதைச் செய்!"

டெஸ்ஸா ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஜெரார்ட் அப்போதுதான் உயிர் வந்தவனாகப் பிள்ளைகளைக் கதவிலிருந்து பிரித்துப் பிரித்து அடுக்களைப் பக்கம் தள்ளினான். விழுந்த ஒருத்தனைத் தூக்கி நிறுத்தினான். லொரெட்டா ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு மேலே அனுப்பினாள். அவள் சாப்பிடுகிற மேஜையைச் சுற்றிக்கொண்டு, அவள் கட்டிலறையைத் தாண்டி, ஊரார் பிள்ளைகள் அத்தனையும் பனியில் இறங்கின. தொட்ட தலைகளில் ஜோலீன் இல்லை.

"கடைசி ஆள் போயாச்சு! நீ ஏறு!" என்றான் ஜெரார்ட்.

"ஜோலீன் வரல!"

"முன்னாடியே போயிருப்பா..."

"போகல! எனக்குத் தெரியும்!"

அவன் பிடிப்பதற்குள் அவள் குனிந்து கூடத்துக்குள் ஓடிவிட்டாள். கண் தெரியவில்லை. பின் கதவுக்கு வெளியே டோலோரஸ் இன்னும் மகள் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே லொரெட்டா தவழ்ந்தாள். கை எதன்மேலோ பட்டது. சின்னக் கால். கதவோடு ஒட்டிக் குறுகி உட்கார்ந்திருந்தாள் ஜோலீன்.

"வாடா கண்ணு..."

"அம்மா அங்க இருக்காங்க..." குழந்தை சங்கிலியை விடவில்லை. "அம்மா கூப்பிடறாங்க அத்தை..."

விரல் விரலாகப் பிரித்து அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள் லொரெட்டா. எப்படி வந்தாள், எங்கே மோதினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பாதியில் ஜெரார்டின் கை அவள் சட்டையைப் பற்றி இழுத்தது.

தெருவில் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. கோட்டெல்லாம் எரிந்துபோனதால் பிள்ளைகள் பனியன் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் கார்களிலிருந்து ஓடிவந்து தங்கள் கோட்டுக்குள் பிள்ளைகளைச் சேர்த்து மூடிக்கொண்டார்கள். எல்லோரும் இருக்கிறார்களா என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

லொரெட்டா ஜோலீனை மடியில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். 

தீயணைப்பு அதிகாரியம்மா ஜெரார்டிடம் வந்தாள். "கரண்டை நிறுத்தினது யாரு? பாட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா நான் இங்க வேற கணக்கு எடுத்துக்கிட்டிருப்பேன்."

"என் மனைவி." ஜெரார்டுக்குக் குரல் உடைந்தது. "போன வாரம் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணதும் அவதான். அதுக்காக நான் ஒரு வாரமா அவகூடப் பேசல..."

"அது அம்மா இல்லப்பா!" டெஸ்ஸா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான்! நான்தான் போன் பண்ணேன்! நீ என்கூட மறுபடியும் பேசாம போயிடுவியோன்னுதான் அம்மா தன் தலையில போட்டுக்கிட்டாங்க... என்னை அடி, திட்டு, ஆனா அம்மாவை ஒண்ணும் சொல்லாதேப்பா!"

ஜெரார்ட் மனைவி முன்னால் பனியில் மண்டியிட்டான். கரி படிந்த முகத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

"ஏன் எங்கிட்ட சொல்லல, லொரெட்டா?"

"எத்தனை தடவை சொன்னேன், ஜெரார்ட்? சங்கிலி வேண்டாம்னு எத்தனை தடவை... அதைக் கேட்டியா, இதைக் கேட்க?"

அவன் தலையைக் குனிந்தான். பிறகு எழுந்து அதிகாரியிடம் போனான். "சங்கிலி இன்னிக்கும் போட்டிருந்தோம். தெரிஞ்சேதான் போட்டோம். எழுதிக்கோங்க." அப்பா கட்டிய மண்டபம் போயிற்று என்பது அவனுக்குத் தெரியும். சுற்றி நின்ற பெற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னான்.

டோலோரஸ் கிட்டே வரவில்லை. கொஞ்சம் தள்ளி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கதவை அடித்து அடித்து விரல்களில் ரத்தம். மகளைப் பார்த்தாள், லொரெட்டாவைப் பார்த்தாள், ஒரு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். தன் பிள்ளையைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணி... நான்... என் கையாலயே பூட்டிட்டு..." 

லொரெட்டாவுக்குக் கோபம் இல்லையா? இருந்தது. ஒரு வாரம் கேட்ட பேச்செல்லாம் நெஞ்சில் அப்படியே இருந்தது. ஆனால் மடியில் கிடந்த குழந்தையின் கண் அவளைத் தாண்டி அம்மாவையே தேடிக்கொண்டிருந்தது.

"உன் குரல் கேட்டுதுன்னுதான் இவ கதவை விட்டு நகரல, டோலோரஸ்," என்றாள் லொரெட்டா. "புகையில மூச்சு முட்டியும் உங்கிட்ட வரணும்னு அங்கேயே உக்காந்திருந்தா. வா... வந்து உன் பிள்ளையை வாங்கிக்கோ."

டோலோரஸ் ஓடிவந்து விழுந்தாள். மகளை மட்டும் தனியாக எடுக்கத் தெரியாமல், இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கதறினாள்.