மூன்றாம் பொத்தான்

அப்பாவின் பொருள்களை எடுத்து வர நான் அந்த வீட்டுக்குப் போனபோது தூறல் தொடங்கியிருந்தது.

குத்தம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போனால் வரும் வில்லா குடியிருப்பு அது. வாசலில் காவலாளி பெயர் கேட்டார். சொன்னேன். காதில் விழவில்லை என்றார். என் குரல் அவ்வளவுதான். மறுபடி, "டிரைவர் ஜெகதீசன் பொண்ணு" என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கேட்டைத் திறந்துவிட்டார்.

வீட்டில் யாரும் இல்லை. அப்பா இறந்த வாரமே அவருடைய முதலாளி பிரசன்னா சாரும் நிவேதிதா மேடமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா ஓட்டிய வண்டியை விற்கப் போகிறார்கள். அதுவரை பார்த்துக்கொள்ள வைத்திருந்த டிரைவர் தேவா, கராஜுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே நிற்க இடம் இருந்தும்.

"வா தங்கச்சி. நீ இங்கியே நில்லு. நான் எடுத்தாறேன்."

"ஏன்ண்ணா?"

"சும்மாதான்."

ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. அதன் கீழே ஒரு மரக்கட்டையை நிறுத்தி முட்டுக் கொடுத்திருந்தார்.

உள்ளே வண்டி இருந்தது.

அப்பா அதை 'பெட்டி' என்பார். கறுப்பு நிறம், நான்கு பக்கமும் நேர்க்கோடு. எங்கும் ஒரு வளைவு கிடையாது. ஃபோனில் படத்தைக் காட்டியபோது, "சோப்பு டப்பாக்கு சக்கரம் வெச்சா மாதிரி கீது" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "டப்பாவா? ஆவடில டாங்க் செய்றானுங்க பாரு, அதோட தம்பி இது. இதுலியே சாதா மாடலும் கீது. அது வேற. இது ரேஸ் இஞ்சின் போட்டது. ஒரு தபா உறுமிச்சின்னா பாரிவாக்கம் ஏரில கீற கொக்கு மொத்தம் பறந்துடும்."

"கொக்கு பறக்கறதுக்கா இவ்ளோ காசு போட்டு வாங்கனாரு உங்க சாரு?"

அதன் புகைக்குழாய்கள் பின்னால் இல்லை. பின் கதவுகளுக்குக் கீழே, பக்கவாட்டில், இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தினால் துப்பாக்கியில் தோட்டா ஏறுவது போல 'டக்' என்று கேட்கும். இந்தச் சத்தங்களுக்காகவே இதை வாங்குகிறார்கள் என்று அப்பா சொன்னார். சாருக்கு அந்தச் சத்தமும் போதவில்லை. எங்கோ ஒரு கடையில் கொடுத்து, புகையில் உள்ள நஞ்சை மாற்றும் பாகத்தைக் கழற்றிவிட்டார். நிறையப் பேர் செய்வதுதானே என்று நினைத்திருக்கிறார்.

ஓட்டுநர் பக்கக் கதவில் மூன்று பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் இருக்கை, ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் சாருடைய அளவுக்கு நகரும். இரண்டு, மேடத்துக்கு. மூன்று காலி. அப்பா அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் தனக்கு வேண்டியபடி நகர்த்தி ஓட்டுவார். வேலை முடிந்ததும் ஒன்றை அழுத்திவிட்டு இறங்குவார்.

"சாரு உக்கார சொல்ல, முன்னாடி ஒருத்தன் உக்காந்திருந்தான்னே தெரியக்கூடாது. அதான் தொழிலு" என்பார். இருக்கையில் துண்டு விரித்துத்தான் உட்காருவார். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டார். பீடி வாசனை வரக்கூடாது என்று எப்போதும் வாயில் ஒரு கிராம்பு.

"மூணுதான் காலியா இருக்கே, நீயே வச்சுக்கயேன்ப்பா" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது உனுக்கு. நீ லைசென்ஸ் எடு கண்ணு. சாரு ஊர்ல இல்லாத அன்னிக்கு காம்பவுண்டுக்குள்ள ஒரு ரவுண்டு. நீ ஓட்டு, நான் ஓனரு மாதிரி பின்னாடி உக்காந்துகினு வரேன்."

"நான் எதுலயாவது இடிச்சிட்டா?"

"பெல்ட்டு போட்டுக்கறேன்."

நான் லைசென்ஸ் எடுக்கவில்லை. சொல்லித்தருபவரிடம் பேசக் கூச்சமாக இருந்தது.

காலையில் சார் கிளம்பும் முன் இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டும். அந்த உறுமலில் மாடியில் குழந்தை விழித்து அழும். அதனால் அப்பா ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்வார். குழந்தை தூங்கட்டும் என்று. தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வந்தார். தைலம் தேய்த்துவிட்டோம். ஒருநாள் வரவில்லை.

"பாரு, தூங்கறா மாதிரியே கீறாரு. மொகம் எப்டி செவந்து லட்சணமா கீது" என்று அம்மா அழுதாள். வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நான் வேதியியல் படித்தவள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் கலந்தால் அந்த நிறம்தான் வரும். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளிடம் மிச்சம் இருப்பது அந்த முகம் மட்டும்தான்.

தேவா அண்ணன் உள்ளே போய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஏறக்குறைய ஓடி வெளியே வந்தார். கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடும் சாப்பாட்டுப் பையும்.

"நாளிக்கு ஆளுங்க பாக்க வராங்க. பேட்டரி எறங்கக்கூடாதுன்னு சாரு சொல்லிக்கீறாரு. ஸ்டார்ட் பண்ணிட்டு வெளிய வந்துடுவேன். உள்ள நிக்கமாட்டேன்."

"அந்த ஷட்டர்..."

"எறங்குது தங்கச்சி." குரலைத் தாழ்த்தினார். "நான் ஏத்தி வெச்சா, தானா எறங்குது. எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்றான். நான் ரெண்டு நாளு தலைவலில சுருண்டு கெடந்தேன். அதான் கட்டை."

அவருடைய ஃபோன் அடித்தது. வண்டியைப் பார்க்க நாளை வர வேண்டியவர்கள் இன்றே வந்து வாசலில் நிற்கிறார்களாம்.

"இதோ வந்துர்றேன். உள்ள மட்டும் போவாத."

போகக்கூடாது என்றுதான் நின்றேன். மழை வலுத்தது. ஓட்டுநர் இருக்கையில், திறந்திருந்த கதவு வழியாக, அப்பாவின் துண்டு தெரிந்தது. நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு. தேவா அண்ணன் அதை எடுக்க மறந்துவிட்டார்.

எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

துண்டைத் தொட்டதும் உட்காரத் தோன்றியது. அப்பா உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு நிமிடம். ஏறி உட்கார்ந்தேன். இருக்கை சாருடைய அளவில் இருந்தது. என் கால் எதற்கும் எட்டவில்லை. இஞ்சினின் எட்டு சிலிண்டரும் எனக்குக் கீழே அதிர்ந்தன. துண்டை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். அவர் தன்னை அவ்வளவு நன்றாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

டக்.

இருக்கை நகர்ந்தது.

நான் எதையும் தொடவில்லை. மோட்டார் மெல்ல முனகியது. இருக்கை கொஞ்சம் முன்னே வந்தது, கொஞ்சம் உயர்ந்து நின்றது. ஸ்டியரிங் தாழ்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி தலை திருப்புவது போலத் திரும்பியது. யாரோ நிதானமாக, பழகிய கையோடு, ஒவ்வொன்றாகத் தனக்குச் சரிசெய்துகொண்டார்கள்.

கண்ணாடி அப்பாவின் கண் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. என் கண் அதைவிடத் தாழ்வு. அதனால் எனக்கு அதில் வாசல் தெரியவில்லை. அதற்கு மேலே இருப்பதுதான் தெரிந்தது. கூரை. ஷட்டரின் உருளை.

உருளை சுற்றத் தொடங்கியது.

மரக்கட்டை சரிந்து விழும் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. வெளிச்சம் தரையோரமாக ஒரு கோடாகி, பிறகு அதுவும் போனது.

இறங்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, எவ்வளவு நேரத்தில் என்ன செய்யும் என்பதெல்லாம் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் கிராம்பு வாசனை வந்தது.

நான் இறங்கவில்லை.

அது என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மூச்சு போல வந்து வந்து போனது. நெற்றியின் இரு பக்கமும் விண்ணென்று தெறித்தன. பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. மூன்று மாதமாக நான் வீடு முழுக்கத் தேடிய வாசனை இது. அலமாரியில், தலையணையில், அவர் சட்டைக் காலரில், எதிலும் இல்லாதது. இறங்கினால் போய்விடும்.

அவர் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வண்டி சூடாக வேண்டும். குழந்தை தூங்க வேண்டும்.

"அப்பா" என்றேன். இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"அப்பா, குழந்தை இங்க இல்லப்பா. அவங்க எல்லாம் போயிட்டாங்க."

ஸ்டியரிங் தோலில் இரண்டு கை பிடித்த இடம் மெல்ல அமுங்கியது.

கண் மங்கியது. கை கனத்தது. வாழ்நாளில் நான் கத்தியதில்லை. அன்றைக்குக் கத்தினேன்.

"அப்பா, நான் யுவராணி."

எல்லாம் நின்றது. உறுமல், அதிர்வு, மூச்சு எல்லாம். அந்த இருட்டில் யாரோ என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

கதவில் ஒரு பொத்தான் உள்ளே போனது. முதல் பொத்தான்.

"வேணாம்ப்பா. இன்னும் கொஞ்ச நேரம்."

இருக்கை என்னைச் சுமந்துகொண்டு பின்னால் போனது. ஸ்டியரிங் விலகி உயர்ந்தது. கண்ணாடி சாருடைய உயரத்துக்குத் திரும்பியது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவர் தன்னை அழித்தார். கிராம்பு வாசனை கடைசியாகப் போனது.

டக்.

கதவு திறந்தது. முதுகில் ஒரு கை பட்டதா, நானே சரிந்தேனா, தெரியாது. தரையில் விழுந்தேன்.

ஷட்டரைக் கையால் நெம்பித் தூக்கி தேவா அண்ணன்தான் என்னை வெளியே இழுத்துப் போட்டார். அவர் வந்தபோது இஞ்சின் அணைந்திருந்ததாம். தான் அணைக்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறார்.

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த வாயுவைச் சுவாசித்தால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்றார் டாக்டர். அது உண்மை. நானும் படித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டு தலையாட்டினேன்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கைக்குள் கசங்கியிருந்த துண்டை எடுத்து மடித்தாள். "இதுக்காடி போன? ஊட்ல இல்லாத துண்டா?" என்றாள். பிறகு அதையே முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வாசனை எதுவும் வரவில்லை போல. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த விற்பனை நின்றுபோனது. கழற்றிய பாகத்தைத் திரும்பப் பொருத்தாமல் வண்டியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சாருக்கு எழுதி அனுப்பினேன். பேசியிருந்தால் வார்த்தை வந்திருக்காது. வண்டி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது. அங்கிருந்துதான் தேவா அண்ணன் ஃபோன் செய்தார்.

"தங்கச்சி, ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ. எனுக்கு சொல்ல தெரில."

நல்ல வெயில் நேரத்தில் போனேன். பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு அறுபடும் சத்தம். டீக்கடை வாசலில் ஆட்கள். வண்டியின் நான்கு கதவும் விரியத் திறந்திருந்தன. பேட்டரியைக் கழற்றித் தரையில் ஒரு அட்டைமேல் வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் தேவா அண்ணனிடம் பேசினார். "பட்டன்ல வெச்சிருந்த எல்லாத்தயும் அழிச்சிட்டேன் மாமே. ஒண்ணு, ரெண்டு, எல்லாம் காலி. சீட்ட முழுசா பின்னாடி தள்ளிட்டுதான் பேட்டரிய கழட்னேன். காலைல ஷெட்ட தொறந்தா சீட்டு இப்டி முன்னாடி வந்து கீது. நம்ம ஷெட்ல இந்த சைஸ்ல யார் கீறா, சொல்லு."

"கரண்டு இல்லாம எப்டிடா நவுரும்?"

"அதான் நானும் கேக்கறேன்."

இருவரும் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

நான் ஏறி உட்கார்ந்து என் பக்கக் கதவைச் சாத்தினேன்.

பாதம் பெடலில் சரியாகப் படிந்தது. நீட்டாமல், எக்காமல், கை ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தது. நான் ஐந்தடிக்கும் குறைவு. எந்த நாற்காலியும் எனக்குப் பொருந்தியதில்லை. நிமிர்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். கூரை தெரியவில்லை. பின்னால் இருக்கும் சாலை முழுவதும், வெயிலோடு, லாரிகளோடு, தெளிவாகத் தெரிந்தது.

என் கண் உயரத்துக்கு யாரோ அளந்து வைத்திருந்தார்கள்.

கதவில் இருந்த மூன்றாம் பொத்தானைத் தொட்டேன். உயிரில்லாத பிளாஸ்டிக். குளிர்ந்திருந்தது.

கிராம்பு வாசனை இல்லை. எதுவும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். அழுதபடியே, ஓட்டப் போகிறவளைப் போல இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

பின் இருக்கையின் தோல் மெல்ல முனகி அமுங்கியது.

நான் திரும்பவில்லை.

பின்னால் பெல்ட்டை இழுக்கும் ஓசை. நிதானமாக, நீளமாக.

பிறகு, அது மாட்டிக்கொள்ளும் சத்தம்.