கேட்டால் ஒரு தடவை தட்டு

பாட்டு முடிந்த பிறகும் உறுமல் நிற்கவில்லை.

ஊசி இசைத்தட்டின் கடைசி வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே பாட்டு எதுவும் கிடையாது, லேசான சரசரப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சரசரப்புக்கு அடியில், தெருமுனையில் ஒரு லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்பதுபோல, தாழ்ந்த ஒலி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரின் முகத்தில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் துடித்தது. வால்யூமைக் குறைத்தால் அடங்கியது, கூட்டினால் எழுந்து வந்தது.

அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா ஒரு தடவை தட்டுங்க, எவ்வளவு சின்னதா கேட்டாலும் தட்டுங்க" என்று சொல்லிச் சொல்லியே பகல் போய்விடும். பாதிப் பேர் கேட்காத சத்தத்துக்கும் தட்டுவார்கள். வெளியே மனைவி உட்கார்ந்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது அவள் கணவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதிலிருந்து, அவன் கூப்பிட்டு அவள் பதில் சொல்லாவிட்டால், "வாலு, கேட்டா ஒரு தடவை தட்டு" என்பான். அவள் இருக்கிற இடத்திலிருந்தே மோதிரத்தால் சுவரில் டொக்கென்று தட்டுவாள். அது அவர்கள் இருவருக்கு மட்டுமான விளையாட்டு.

அந்த மோதிரமும் அவன் செய்ததுதான். தச்சு வேலைக்காரன். கருப்பு மரத்துண்டு ஒன்றைக் கடைந்து, தேன்மெழுகு தேய்த்து, "உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லி விரலில் போட்டுவிட்டான். அண்ணன்தான் முறைத்துக்கொண்டு நின்றான். "மொத பொண்டாட்டி சொல்லாம கொள்ளாம போயிட்டாங்கிறான். அவ எங்க போனாள்னு நீ கேக்கவே மாட்டியா?" அவள் கேட்கவில்லை. அண்ணன் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அதன் பிறகு அண்ணனோடு பேச்சுவார்த்தையே இல்லை.

இந்த வீட்டுக்குத் தன்னுடையதென்று அவள் கொண்டுவந்தது இந்த ரெக்கார்ட் ப்ளேயரும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும்தான். மரத்தரை என்பதால் மேஜையில் வைத்திருந்தபோது அவள் நடந்தாலே ஊசி துள்ளியது. "யானை மாதிரி நடக்குறே. சுவத்துல மாட்டிடுறேன், அப்புறம் தரை என்ன ஆட்டம் போட்டாலும் ஊசிக்குத் தெரியாது" என்று அவன் ஒரே நாளில் பலகை அறுத்து, இழைத்து, நீளமான இரண்டு போல்ட்களைச் சுவருக்குள் இறக்கி மாட்டிக் கொடுத்தான். வேறு மூன்று சுவர்கள் இருந்தும் அவன் தேர்ந்தெடுத்தது இந்தச் சுவரைத்தான். அதற்குப் பின்னால் இருப்பது அவனுடைய பட்டறை அறை. கொல்லைப்பக்கம் வழியாகப் போக வேண்டும், எப்போதும் பூட்டியே இருக்கும். மரத்தூசி அவளுக்கு ஆகாதாம்.

உறுமலைப் பற்றிச் சொன்னபோதும் அவன் பொறுமையாகத்தான் விளக்கினான். "ஸ்பீக்கர் சுவத்தை ஆட்டுது. சுவரு பலகையை ஆட்டுது, பலகை ஊசியை ஆட்டுது. ஊசி அதையும் பாட்டுன்னு நெனச்சு ஸ்பீக்கருக்கே திருப்பி அனுப்புது. சுத்திச் சுத்திப் பெருசாகும். உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். காதில் சரியாகப் பொருந்தாத கருவி இப்படித்தான் தன் சத்தத்தைத் தானே கேட்டு விசில் அடிக்கும். அவன் ப்ளேயருக்கு அடியில் ரப்பர் வைத்தான், ஸ்பீக்கர்களை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினான். கொஞ்ச நாள் அடங்கியிருந்தது.

இன்றைக்கு அவளுக்கு விடுமுறை. மதியமே யாரோ ஒருவர் வீட்டு அலமாரி வேலை என்று கிளம்பிவிட்டான். "தூங்குறதுன்னா தூங்கு, வெளியில பூட்டிட்டுப் போறேன்" என்றான். இன்னொரு சாவி தொலைந்து ரொம்ப நாளாகிறது. இப்போது ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு மங்கிக்கொண்டிருந்தது, விளக்குப் போடும் நேரம். அவள் போடவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சுழற்சியை நிறுத்தினாள். அசையாத தட்டின்மேல் ஊசியை மெல்ல இறக்கினாள். தட்டு சுற்றாதபோது ஊசிக்குப் பாட முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். பலகையையும் சுவரையும் கேட்கும். விரலால் பலகையைத் தட்டினாள். ஸ்பீக்கரில் பெரிதாக அதிர்ந்தது. சரி, அவன் சொன்னதுதான்.

பிறகு ஹெட்ஃபோனை எடுத்துச் செருகினாள். செருகியதும் ஸ்பீக்கர்கள் செத்துவிடும். ஸ்பீக்கர் இல்லையென்றால் சுவரை ஆட்ட எதுவும் இல்லை. வட்டம் அறுந்துவிடும். உறுமல் நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை.

காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. வால்யூமைக் கூட்டக் கூட்ட அது உறுமலாக இல்லாமல் ஏறி இறங்கியது, இழுத்தது, மூச்சு வாங்க நின்றது. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகும் பாட்டு. சற்று முன் ஓடி முடிந்த அதே பாட்டு. அந்தப் பாட்டை முனகும்போது இரண்டாவது அடியில் அவளுக்கு எப்போதும் சுருதி தவறும். சுவருக்குள் இருந்த குரலும் அதே இடத்தில் தவறியது. தட்டைக் கேட்டு அது பாடக் கற்றுக்கொள்ளவில்லை. அவளைக் கேட்டுக் கற்றிருக்கிறது.

தேன்மெழுகு வாடை வருவதுபோல் இருந்தது. தொண்டையைக் கனைத்தாள்.

டொக்.

முனகல் நின்றிருந்தது. நாக்கை மெல்லச் சொடுக்கினாள்.

டொக்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தட்டுவதுபோல, ஒழுங்காக, ஒரே ஒரு தடவை. பிறகு புடவைத் தலைப்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். அவளுக்கே கேட்காத சத்தம்.

டொக்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. செங்கல்லும் மரமும் வடிகட்டிய குரல், ஆனால் தெரியாதா அவளுக்கு.

"அவதான? நல்லாக் கேளு. கேட்டா ஒரு தடவை தட்டு, வாலு."

டொக்.

அலமாரி வேலைக்குப் போனவன். சுவருக்கு அந்தப் பக்கம். அவளை அழைக்கும் பெயரில் வேறொன்றை அழைத்துக்கொண்டு. பயத்துக்கும் முன்னால் வந்தது அவமானம்தான். அவர்கள் விளையாட்டு. அவள் வேலையிடத்தில் பேசும் பேச்சு. அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறிய அந்த ராத்திரியிலிருந்தே இதற்குத்தான் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறான். ஊர்க்காதையெல்லாம் சோதிக்கிறவள் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறான். அவள் நன்றாகப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இந்தப் பலகையை மாட்டவில்லை. அவளை அது நன்றாகக் கேட்க வேண்டும் என்று மாட்டியிருக்கிறான்.

காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மரத்தரை அதிர்ந்தது. கதவை இழுத்த பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்தது. ஜன்னலில் கம்பி. அண்ணனைக் கூப்பிடலாம். அண்ணா, நீ சொன்னது சரி, வந்து கதவை உடை. அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

செல்ஃபோன் பலகைமேல் இருந்தது. ப்ளேயருக்குப் பக்கத்தில்.

திரும்பி நடந்தாள். பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி. யானை மாதிரி இல்லை. அறை முக்கால்வாசி இருட்டிவிட்டது. ஹெட்ஃபோன் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவன் குரல் கசிந்தது, சின்னதாக, கொசு போல.

"ஓடுனா. இப்ப பக்கத்துல வந்துட்டா. அவ மூச்சு கேக்குதா?"

டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையை நீட்டினாள். ஃபோனுக்கு ஒரு சாண் இருந்தது.

"இப்ப?"

பதில் இல்லை.

பதில் இல்லை.

ஃபோனைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அப்போது பலகைக்கு அடியில், இடது பக்கத்துப் போல்ட்டின் தலை அசைந்தது. நின்றது. திரும்பியது. யாரும் தொடவில்லை. உள்ளேயிருந்து யாரோ நிதானமாகத் திருப்பினார்கள். சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. மறுபடி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நீளமான போல்ட் முழுவதும் வெளியே வந்து தரையில் விழுந்து உருண்டது.

பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. ஊசி துள்ளவில்லை.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை.

ஓட்டையிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. சதையே இல்லாத, அளவுக்கு மீறி நீண்ட, மரப்பட்டை நிறத்து விரல். அடிக்கணுவில் ஒரு மோதிரம் தொளதொளவென்று தொங்கியது. கருப்பு மரத்தில் கடைந்த மோதிரம். உள்பக்கத்தில் தேன்மெழுகின் பளபளப்பு.

விரல் சுவரைத் தடவி மேலே ஏறியது. பலகை விளிம்பைக் கண்டுபிடித்தது. செல்ஃபோனைப் பற்றியிருந்த அவள் கையைக் கண்டுபிடித்தது. அவள் விரலிலிருந்த மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தது.

அதன்மேல் ஒரு தடவை தட்டியது.