சத்துப் பாலில் ஒரு சதி!

"ஐயோ... விஷம்! என் பால்ல விஷம்!"

அந்த அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பை விட்டு இறங்கி வந்தபோது, சமையலறை வாசலில் அக்கா தலைவிரிகோலமாக நின்றிருந்தாள். கையில் நீலக் கோப்பை. அதன் அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம் வண்டல்!

மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தங்கை. வளர்ந்த பெண்தான். ஆனால் பேச்சும் கணக்கும் அவளுக்கு மெதுவாய்த்தான் பிடிபடும். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மெழுகுவத்திக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை.

"இவதான் மேடம்! கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். என் கோப்பையில எதையோ ஊத்தினா. பால்தானேன்னு குடிச்சுட்டேன்... அடியில பார்த்தா இது! கலந்தவளை விடாதீங்க!"

"கூடப் பிறந்தவ எதுக்கும்மா கலக்கணும்?"

"பொறாமை! எனக்குப் புருஷன் இருக்காரு... அவளுக்கு இல்லையே!"

பக்கத்தில் நின்ற புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பொறாமையா? சிட்டுக்கா? மேடம், அவளுக்கு ஒரு ஹேர் கிளிப் வாங்கிட்டு வந்தா, மூணு நாளைக்கு எனக்குச் சோறு கிடையாது!"

"பார்த்தீங்களா... எப்பவும் அவ பக்கம்தான்! சிட்டு சிரிச்சா இவரும் சிரிப்பாரு. என்கிட்ட மட்டும் இஞ்சி தின்ன மூஞ்சி! இப்ப கம்பெனியில மிஷின் ஓட்டுறவன் ஒருத்தன் வேற இவளைக் கட்டிக்கிறேன்னு நிக்கிறான். நாளைக்கே வயித்தைத் தள்ளிக்கிட்டு நிப்பா... நான் வேடிக்கை பார்க்கணுமா? ஏதாவது ஹோம்ல பூட்டி வைங்க மேடம்!"

ஹோம்!

சிட்டு விருட்டென்று எழுந்தாள்.

"நான் போக மாட்டேன்! அங்க வேலைக்கு விட மாட்டாங்க. அவரைப் பார்க்க விட மாட்டாங்க..."

அதற்குள் அடுத்த தெரு டாக்டரம்மா வந்துவிட்டாள். குழந்தை இல்லை என்று அக்கா வருஷக்கணக்கில் படியேறி இறங்குவது அவளுடைய கிளினிக்கில்தான். அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"விஷம் குடிச்ச மாதிரி தெரியலையே..."

இன்ஸ்பெக்டர் சிட்டுவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பால்ல என்ன கலந்தே சிட்டு?"

"நான் கலக்கலை. அக்காதான் என் பால்ல சத்துப் பொடி கலப்பா. தினமும். அவ அந்தப் பக்கம் திரும்பினதும் நான் மாத்தி ஊத்திடுவேன். என் பால் அவளுக்கு... அவ பால் எனக்கு. இன்னிக்குத்தான் அக்கா சரியாவே கலக்கலை."

"எதுக்கு மாத்தினே?"

"டாக்டரம்மா சொன்னாங்களே... அக்கா உடம்புல சத்து வேணும், அப்பத்தான் பாப்பா வரும்னு. அக்கா பாப்பா வேணும்னு அழறா. எனக்கு எதுக்குச் சத்து? நான்தான் குண்டா இருக்கேனே!"

அக்கா கையிலிருந்த கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து மாத்துறே?"

"மாமா சிவப்பு சைக்கிள் வச்சிருந்தாரே... அப்பலேர்ந்து."

"அதை வித்தே மூணு வருஷம் ஆச்சே!" என்றான் புருஷன்.

"அந்தப் பொடி எங்கே இருக்கு?"

"நான் எடுத்துத் தர்றேன்!"

"ஏய்... அதைத் தொடாதே!"

அக்கா கத்தி முடிப்பதற்குள், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து சின்னத் தகர டப்பா வந்துவிட்டது. உள்ளே பொடி இல்லை. மாத்திரை அட்டை!

டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"இது... கருத்தடை மாத்திரை!"

எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் வெளியே நீண்டன.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு வர்றப்பல்லாம் கேட்டேனே! இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"சத்தியமா நான் சாப்பிடலையே டாக்டர்..." அக்கா சுவரோடு சரிந்தாள். "அவளுக்குத்தானே பொடிச்சுப் போட்டேன்! எனக்கு முன்னாடி அவ பெத்துட்டா... இப்பவே தெருவே அவளைத்தான் கொஞ்சுது. மடியில குழந்தையும் இருந்தா என்னை யாரு திரும்பிப் பார்ப்பா?"

டாக்டரம்மா அந்த அட்டையைச் சிட்டுவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சிட்டு, இது சத்து இல்லைம்மா. பாப்பா வராம இருக்கச் சாப்பிடுற மாத்திரை. உன்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்திருக்கணும். யாரும் கேட்கலை. நான் கேட்கறேன்... உனக்குப் பாப்பா வேணுமா?"

"அவளைக் கேட்டா? அவளுக்கு என்ன புரியும்?" என்றாள் அக்கா.

"நீங்க சும்மா இருங்க!"

சிட்டு யோசித்தாள். மெதுவாய். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வேணும். ஆனா இப்ப வேணாம். முதல்ல கல்யாணம். அப்புறம் தனியா வீடு. அப்புறம் பாப்பா. அதுவரைக்கும் மாத்திரையை என் கையில குடுங்க. நானே முழுங்குவேன்."

"உன் உடம்புக்கு எது ஒத்துக்கும்னு பார்த்துட்டுக் குடுக்கறேன். ஊசியும் இருக்கு, வேற வழியும் இருக்கு. எல்லாம் சொல்றேன், நீயே முடிவு பண்ணு. உன்னைக் கட்டிக்கப் போறவரையும் கூட்டிட்டு வா."

"அக்காவையும் கூட்டிட்டு வரவா?"

"அக்கா வேணாம்!"

அக்கா மெல்ல எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மேடம்... அதான் விஷம் இல்லைன்னு ஆயிடுச்சே. கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்..."

இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"அதெப்படிம்மா? 'கலந்தவளை விடாதீங்க'ன்னு தெருவே கேட்கக் கத்தினீங்க... கம்ப்ளெயின்ட் குடுத்தவங்க பேச்சை நான் தட்டலாமா? ஏறுங்க!"